ஒன்பதாவது சட்டை

எல்ஸிக்குப் பணி ஓய்வு விழா எடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் புனிதாவின் மனதில் முதலில் வந்தது வாழ்த்து அல்ல. டேவானை யார் கூட்டுவது என்ற கேள்விதான் வந்தது. அவர்கள் இருவரும் வேலை செய்கிற பள்ளிக்கூடத்துப் பெரிய மண்டபத்துக்கு டேவான் என்று பெயர். முந்நூறு நாற்காலி, ஒரு மேடை, மேடைக்குப் பின்னால் இரண்டு கழிப்பறை. அதையெல்லாம் கூட்டிக் கழுவித் துடைக்க ஆள் வேண்டாமா? இருக்கிறாளே புனிதா! அவளுக்கென்ன, கை இருக்கிறது, கால் இருக்கிறது, கம்பெனி கொடுத்த விளக்குமாறும் இருக்கிறது.

செய்தியைக் கொண்டு வந்தவன் வாசலில் காவலுக்கு நிற்கிற ராஜு. "வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக்கா. கொம்பாங் மேளம் அடிக்கிறாங்களாம். பிள்ளைங்க ரெண்டு பக்கமும் நின்னு பூ போடுவாங்களாம். கார் வரைக்கும் சிவப்புக் கம்பளம். டீச்சர் ரிட்டையர் ஆனாக்கூட இவ்ளோ செய்ய மாட்டாங்க லா."

"செய்யட்டுமே. நமக்கென்ன வந்துச்சு?" என்றாள் புனிதா.

வாய் அப்படிச் சொன்னது. வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. இந்த எரிச்சல் இன்று நேற்று வந்ததில்லை. அதற்கு இருபத்தெட்டு வயது, அவள் மகள் ஷாமினியின் வயது.

எல்ஸியும் புனிதாவும் ஒரே எஸ்டேட்டுப் பிள்ளைகள். கோலா கங்சார் போகிற சாலையில் ரப்பர் இருந்த காலம். எஸ்டேட்டை விற்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தவுடன் இருவரும் ஒரே பஸ் ஏறி ஈப்போவுக்கு வந்து, ஒரே கவுண்டரில் விண்ணப்பப் பாரம் எழுதிக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் கூட்டுகிற வேலை. கவர்மெண்டு வேலை. தெத்தாப்! நிரந்தரம் என்று தமிழில் சொன்னால் யாருக்கும் அவ்வளவு உறைக்காது, தெத்தாப் என்று சொன்னால்தான் எஸ்டேட்டில் கல்யாணச் சந்தை சூடு பிடிக்கும்.

தொண்ணூற்றாறு கடைசியில் இருவருக்கும் ஒரே வாரத்தில் கடிதம் வந்தது. புனிதா அப்போது ஷாமினியைப் பெற்று இருபது நாள். பச்சை உடம்புக்காரி வாசல் தாண்டக் கூடாது என்று மாமியார் ஒரே பிடி. "மூணு மாசம் கழிச்சு வரேன்னு சொல்லிடுங்கக்கா" என்று எல்ஸியிடமே சொல்லியனுப்பினாள். எல்ஸி போனாள், கையெழுத்துப் போட்டாள், சேர்ந்தாள். திரும்பி வந்து, "சொல்லிட்டேன், சரின்னாங்க" என்றாள். மூன்று மாதம் கழித்துப் புனிதா புதுச் சேலை கட்டிக்கொண்டு போய் நின்றபோது, கவுண்டரில் இருந்தவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கூட்டுகிற வேலையெல்லாம் இனி கம்பெனிக்கு. கவர்மெண்டு ஆள் எடுக்காது. வேண்டுமானால் கம்பெனிக்காரனைப் போய்ப் பார்.

பார்த்தாள். அதே பள்ளிக்கூடம், அதே வராந்தா, அதே குப்பை. அன்றிலிருந்து எல்ஸி கவர்மெண்டு, புனிதா கம்பெனி.

எல்ஸிக்குக் காய்ச்சல் வந்தால் எம்.சி. லீவு போட்டுப் படுத்துக்கொள்வாள். புனிதாவுக்குக் காய்ச்சல் வந்தால் இரண்டு பனடோல் மாத்திரை போட்டுக்கொண்டு வாளியைத் தூக்குவாள். எல்ஸி லோன் போட்டுச் சிலிபினில் வீடு வாங்கினாள். புனிதா புந்தோங் பிளாட்டில் நான்காம் மாடி, லிப்ட் வேலை செய்கிற நாளில் சாமிக்குக் கற்பூரம் காட்டலாம். எல்ஸி கல்யாணமும் கட்டிக்கொள்ளவில்லை, பிள்ளை குட்டியும் இல்லை. ஒற்றை ஆளுக்கு எதற்கு இவ்வளவு என்று புனிதா எத்தனையோ நாள் தலைகீழாக யோசித்துப் பார்த்திருக்கிறாள்.

கம்பெனிக்காரர்களின் ஒப்பந்தம் மூன்று வருஷம், சிலது நான்கு. முடிந்தால் வேறு கம்பெனி வரும். பழைய கம்பெனிக்கு நானே விலகிக்கொள்கிறேன் என்று ஒரு கடிதம், புதுக் கம்பெனிக்குப் புது ஆள் என்று ஒரு பாரம். ஒரே நாளில் இரண்டிலும் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். ஆகவே இத்தனை வருஷம் ஒரே இடத்தில் வேலை செய்தும் புனிதா எப்போதும் புது ஆள். மாறுவது சட்டைதான். எட்டுக் கம்பெனி, எட்டு நிறம். அவள் காலத்தை எண்ணுவதே அதை வைத்துத்தான். ஷாமினி கல்யாணமாகிப் பாரிட் புந்தாருக்குப் போனது மெரூன் சட்டையில். புருஷன் உடையப்பனுக்கு இனிப்பு நீர் நோயால் ஒரு காலை எடுத்தது பச்சைச் சட்டையில். இப்போது உடம்பில் இருப்பது சாம்பல் நிறம். கம்பெனிச் சட்டையெல்லாம் ஆம்பிளை அளவு. தோள் முழங்கை வரைக்கும் தொங்கும். எல்ஸி எட்டையும் வாங்கிப் போய்த் தன் தையல் மிஷினில் பிடித்துத் தைத்துக் கொடுத்திருக்கிறாள். நன்றி சொல்ல வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்த மிஷின் எல்ஸி போனஸில் வாங்கியது. போட்டுப் பார்க்கும்போதெல்லாம் அந்த போனஸ் புனிதாவின் விலாவில் குத்தும்.

இந்த ஜூன் மாதக் கடைசியோடு சாம்பல் சட்டையும் முடிகிறது. சனிக்கிழமை எல்ஸிக்கு அறுபது வயது நிறைகிறது. பார்த்தீர்களா பொருத்தத்தை! ஒருத்தி கொம்பாங்கோடு போகப் போகிற அதே வாரத்தில் இன்னொருத்தி மறுபடியும் புது ஆள் ஆக வேண்டும். அதுவும் ஆகக் கிடைத்தால்.

கிடைக்குமா என்பதுதான் பிரச்சினை. செவ்வாய்க்கிழமை புதுக் கம்பெனியிலிருந்து சுகுமாரன் என்று ஒருவன் வந்தான். கமுந்திங் ஊர்க்காரன், முப்பது முப்பத்திரண்டு இருக்கும், கையில் அட்டையும் பேனாவும். ஆறு பேரையும் மாடிப்படியடியில் நிற்க வைத்து, மரியாதையாகத்தான் சொன்னான்.

"இந்தத் தடவ அஞ்சு பேருதான் ஆன்ட்டி. பேரு வெள்ளிக்கிழமை சொல்லுவேன். என்னைத் திட்டாதீங்க. மேல சொல்றதத்தான் நான் செய்யிறேன்."

"எல்ஸி அக்கா இடம் காலியாகுதே, அதுக்கு ஆள் போடலயா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அந்தப் போஸ்ட்ட மூடியாச்சு. ஆபீஸ் பக்கத்தையும் நீங்கதான் பார்க்கணும்."

வேலை கூடுகிறது, ஆள் குறைகிறது. இதில் கழிந்து போகப்போவது யார் என்று புனிதாவுக்குக் கணக்குப் போடத் தெரியாதா? ஆறு பேரில் ஐம்பது தாண்டியவள் அவள் ஒருத்திதான். ஐம்பத்து நான்கு வயதில் வேறு எந்தக் கதவைத் தட்டுவது? வீட்டில் ஒற்றைக் காலோடு உட்கார்ந்திருக்கிற மனிதனுக்கு அவள் கைதான் சோறு. அன்று துடைத்த ஜன்னலையே இரண்டாம் தரம் துடைத்தாள்.

புதன்கிழமை மத்தியானம் ஆபீசுக்கு வெளியே வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளுக்கு நடுவே எல்ஸி தெரிந்தாள். எதிரே சுகுமாரன். எல்ஸி ஏதோ சொல்ல அவன் சிரித்தான். பிறகு அட்டைப் பெட்டியிலிருந்து ஒரு சட்டையை எடுத்து நீட்டினான். ஆரஞ்சு நிறம். பளிச்சென்று, எவ்வளவு தூரத்தில் இருந்து பார்த்தாலும் தெரிகிற நிறம். எல்ஸி அதைத் தன் மார்பில் வைத்துத் தோளைப் பார்த்தாள், தலையாட்டினாள், மடித்துத் தன் பைக்குள் போட்டாள்.

புனிதாவின் கையிலிருந்த துடைப்பான் கம்பு வாளியில் விழுந்தது.

அப்படியா சேதி! பென்சனும் வேண்டும், வேலையும் வேண்டும். பாரிட் புந்தாரில் ஒரு கிளினிக்கில் அப்படித்தான் ரிட்டையர் ஆனவளைக் கம்பெனிக்காரன் சூப்பர்வைசராக எடுத்தான் என்று ஷாமினி போன வருஷம் சொல்லியிருந்தாள். அனுபவம் உள்ள ஆள், கவர்மெண்டு ஆள், குரு பெசார் என்கிற தலைமையாசிரியைக்குப் பிடித்த ஆள். ஐந்து இடத்தில் ஒன்று போயிற்று. யாருடைய இடம் போயிற்று என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

வேலை முடிந்து பஸ் நிறுத்தத்தில் எல்ஸியைப் பிடித்தாள். "ரிட்டையர் ஆனப்புறம் என்னக்கா செய்யப் போறீங்க?"

"என்னத்த செய்ய? சும்மா உட்கார்ந்தா உடம்பு கெட்டுப் போயிடும்லா. பார்ப்போம்."

"பையில என்னவோ புதுசா இருக்கு?"

எல்ஸி பையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள். முகத்தில் ஒரு சிரிப்பு. "ஒண்ணுமில்லடி. வெள்ளிக்கிழமை தெரியும்."

அந்தச் சிரிப்பைப் புனிதா வீடு வரைக்கும் சுமந்துகொண்டு போனாள். நான்கு மாடி ஏறி, உடையப்பனிடம் மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தாள். அவர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார்.

"நேரா ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?"

"கேக்கணுமா? அவ மூஞ்சியே சொல்லுது. பிள்ளை இல்ல, குட்டி இல்ல, யாருக்காகவாம் இந்தச் சேர்ப்பு?"

"ஆஸ்பத்திரியில நான் கிடந்தப்ப…" என்று அவர் ஆரம்பித்தார்.

"அத மட்டும் பேசாதீங்க!" என்றாள். அவர் மறுபடியும் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் ஆரம்பித்தது என்ன என்று அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், காலை எடுத்தபோது, அவள் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் அவரோடு இருந்தாள். அப்போதிருந்த கம்பெனியில் மூன்று நாள் வராவிட்டால் நான்காம் நாள் வேறு ஆள். எல்ஸிதான் தினமும் காலையில் மாடிப்படியடி பஞ்ச் மிஷினில் தன் கார்டோடு புனிதாவின் கார்டையும் அடித்தாள். சாயந்தரம் மறுபடியும் அடித்தாள். நடுவில் தன் வேலையை முடித்துவிட்டுப் புனிதாவின் பகுதியையும் கூட்டினாள். அதைப் பற்றி அவள் ஒரு நாளும் பேசியதில்லை. பேசாததும் புனிதாவுக்குப் பிடிக்கவில்லை. சொல்லிக் காட்டினாலாவது திருப்பிச் சண்டை போடலாம், வாயை மூடிக்கொண்டு நல்லவளாக இருக்கிறவளை என்ன செய்ய?

வியாழக்கிழமை டேவானில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தாள். மேடையில் எல்ஸியின் படம் ஆள் உயரத்துக்கு மாட்டியிருந்தது. கீழே மலாயில் கொட்டை எழுத்து, சேவைக்கு நன்றி என்று. புனிதா நாற்காலியை வரிசைப்படுத்தப்படுத்த அந்தப் படம் அவளையே பார்த்துச் சிரித்தது. சேவையாம்! இவள் கழுவிய கழிப்பறையைவிட நான் கழுவிய தண்டாஸ் அதிகம். எனக்குப் படம் மாட்டுவானா எவனாவது? எட்டுக் கம்பெனியில் ஒரு கம்பெனிக்காவது என் முகம் ஞாபகம் இருக்குமா?

அந்த நேரம் பார்த்து சுகுமாரன் அட்டையோடு உள்ளே வந்தான், டேவானுக்கு எத்தனை ஆள் வேண்டும் என்று பார்க்க. வராமல் இருந்திருக்கலாம். வந்தான்.

"தம்பி, பென்சன் வாங்குறவங்களையும் கம்பெனியில எடுப்பீங்களா?"

"ஏன் ஆன்ட்டி?"

"சும்மாதான் கேட்டேன். எல்ஸி அக்கா நல்லவங்கதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா எல்லாரும் நினைக்கிற மாதிரி இல்ல." நாக்கு அங்கேயே நின்றிருக்கலாம். நிற்கவில்லை. "வேலைக்கு வராத ஆளுக்குப் பஞ்ச் கார்டு அடிச்சிருக்காங்க. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, மூணு வாரம். நானே கண்ணால பார்த்தேன்."

பார்த்தாளாம்! அந்த மூன்று வாரமும் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் கண்ணால் பார்த்தாளாம்.

சுகுமாரன் பேனாவை எடுத்தான். "யாருக்கு அடிச்சாங்க?"

கேட்பான் என்று புனிதா நினைக்கவே இல்லை. பொறாமை அவ்வளவு தூரம்தான் யோசிக்க விட்டிருந்தது.

"ஞாபகமில்ல. எப்பவோ நடந்தது."

"கவர்மெண்டு ஆளுக்கா, கம்பெனி ஆளுக்கா?"

"ஞாபகமில்லன்னு சொல்றேன்லா."

அவன் எழுதிக்கொண்டான். "சொன்னது நல்லதாப் போச்சு ஆன்ட்டி. அந்த ஆள் இன்னும் இங்க இருந்தா, கம்பெனியில எடுக்க முடியாது. அதான் ரூல்ஸ். குரு பெசார் கிட்டயும் சொல்லணும்."

"அவங்ககிட்ட எதுக்கு? நாளைக்கு விழா தம்பி!"

"தெரிஞ்சும் சொல்லாம விட்டேன்னு பின்னாடி வந்தா என் தலையிலதான் விடியும். எனக்கும் கொந்திராக் வேலைதான் ஆன்ட்டி." போகத் திரும்பியவன் நின்றான். "எல்ஸி ஆன்ட்டி எங்க லிஸ்ட்லயே இல்ல. அவங்கள யாரும் எடுக்கல."

அவன் போனபிறகு புனிதா போட்ட நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். லிஸ்டில் இல்லையா? அப்படியானால் அந்தச் சட்டை?

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு எல்ஸி வந்தாள். நீலப் பட்டுச் சேலை, கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி, தலையில் மல்லிகை. வந்தவள் டேவானுக்குப் போகவில்லை. நேராகப் படிக்குப் பின்னால் இருந்த ஸ்டோர் ரூமுக்கு வந்து, புனிதாவை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். வாளிகளுக்கும் குளோராக்ஸ் டின்களுக்கும் நடுவே நின்றுகொண்டு பையைத் திறந்து ஆரஞ்சுச் சட்டையை எடுத்தாள்.

"போட்டுப் பாரு."

"என்னக்கா இது?"

"பார்த்தா தெரியல? உனக்குத்தான். அம்பது வயசுக்கு மேல வேணாம்னு கம்பெனி சொல்லிச்சாம். நான் குரு பெசார் கிட்ட போய் லெட்டர் எழுத வெச்சேன். அந்தப் பையன்கிட்டயும் சொன்னேன், இவள மட்டும் விட்டுடாத, நான் பொறுப்புன்னு. பேரு வாசிக்கிற வரைக்கும் வெளிய சொல்லக் கூடாதுன்னான். சட்டைய மட்டும் முன்னாடியே வாங்கிட்டேன், தைக்கணுமே. இனிமே உனக்கு யாரு தைச்சுத் தருவா?"

புனிதா சாம்பல் சட்டைக்கு மேலேயே போட்டாள். தோள் தோளில் நின்றது. இத்தனை வருஷம் வாளி தூக்கி இறங்கிப் போயிருந்த இடது தோளுக்கு அரை அங்குலம் தனியாகப் பிடித்திருந்தாள் எல்ஸி. அவள் அம்மாகூட அவளுக்கு அப்படி அளந்து தைத்ததில்லை. புனிதாவுக்கு அங்கேயே தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அடிப்பாவி, என்ன காரியம் செய்துவிட்டாய்!

"அக்கா…" என்று தொடங்கினாள்.

"இரு, நான் முதல்ல சொல்லிடுறேன்," என்றாள் எல்ஸி. குரல் மாறியிருந்தது. "இத சொல்லாம அந்த மேடையில ஏறினா எனக்குக் கால் நிக்காது. தொண்ணூத்தாறுல நீ சொல்லி அனுப்பினியே, மூணு மாசம் கழிச்சு வரேன்னு. கவுண்டர் கிராணி சரின்னு சொல்லலடி. இந்த மாசக் கடைசிக்குள்ள வந்து கையெழுத்துப் போடலன்னா இடம் போயிடும், டாக்சி எடுத்தாவது வரச் சொல்லுன்னான். நான் உன்கிட்ட சொல்லல."

எல்ஸி ஒரு வாளியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலே சொன்னாள்.

"ஒரு இடம் இந்த ஸ்கூல். இன்னொரு இடம் எங்கேயோ உள்ள தள்ளி, பஸ் இல்லாத இடம். நீ வந்தா உனக்குக் கைக்குழந்தை இருக்குன்னு டவுன் இடத்த உனக்குக் குடுத்துடுவாங்க. அதான். அதோட…" எல்ஸி மூக்கை உறிஞ்சினாள். "உனக்குப் புருஷன் வந்தாச்சு, பிள்ளையும் பிறந்தாச்சு. எனக்கு என்ன இருந்துச்சு? வயித்தெரிச்சல்லா, வேற என்ன. அப்புறமா சொல்லிக்கலாம், அடுத்த வருஷம் உன்னை எடுத்துக்குவாங்கன்னு நினைச்சேன். ஒரேயடியா மூடிடுவாங்கன்னு யாரு கண்டா?"

அப்படியானால் கார்டு அடித்தது, சட்டை தைத்தது, பகுதி கூட்டியது எல்லாம் இதற்குத்தானா? புனிதாவின் மனசு கணக்குப் போட்டது. சிலிபின் வீடு என்னுடையது. அந்த எம்.சி. என்னுடையது. மேடையில் மாட்டியிருக்கிற படம்கூட என்னுடையதாக இருந்திருக்கும். இத்தனை காலமும் இந்த வயிறு சும்மா எரியவில்லை! அறைந்துவிடலாம் என்று கை எழுந்தது. எழுந்த கையில் ஆரஞ்சு நிறக் கை மடிப்பு அச்சாகப் பொருந்தி நின்றது.

கதவை யாரோ தட்டினார்கள். ராஜு. "அக்கா, ரெண்டு பேரையும் குரு பெசார் கூப்பிடுறாங்க. உடனே வரணுமாம்."

ஆபீசில் குரு பெசார் விழாவுக்கு உடுத்தியிருந்த பட்டு உடையோடு உட்கார்ந்திருந்தார். மேசையில் எல்ஸியின் சேவைக் கோப்பு. ஓரத்தில் சுகுமாரன். வெளியே கொம்பாங் பிள்ளைகள் தட்டிப் பழகிக்கொண்டிருந்தார்கள். குரு பெசார் மலாயில் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, களைப்பாகக் கேட்டார். வேறொருவர் கார்டை அடித்தது உண்மையா?

எல்ஸி சுகுமாரனைப் பார்த்தாள். பிறகு புனிதாவைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உலகத்தில் அந்தக் கார்டு விஷயம் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

"உண்மைதான் புவான்," என்றாள்.

யாருக்கு?

எல்ஸி சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டாள். "ஞாபகமில்லை."

குரு பெசார் பெருமூச்சு விட்டார். கம்பெனி ஆளுடைய கார்டென்றால் அது கம்பெனி விவகாரம், தனக்கு வேலையில்லை. கவர்மெண்டு ஆளுடைய கார்டென்றால் மேலிடத்துக்கு எழுதியாக வேண்டும். யாருடையது என்று தெரியாவிட்டாலும் எழுதியாக வேண்டும். எழுதினால் விசாரணை, விசாரணை முடியும்வரை பென்சன் கோப்பு நகராது. விழாவையும் தள்ளி வைப்பதுதான் முறை. இதையெல்லாம் சொல்லிவிட்டுப் புனிதாவைப் பார்த்துக் கேட்டார். நேரில் பார்த்தது நீதானே, உனக்கும் நினைவில்லையா?

ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். சட்டை உடம்பில் இருக்கிறது, பெயர் லிஸ்டில் இருக்கிறது. எல்ஸி அன்றைக்கு எப்படி ஒரு வார்த்தையை விழுங்கினாளோ, அப்படியே இன்று புனிதாவும் ஒரு வார்த்தையை விழுங்கிவிட்டால் கணக்குச் சரி. விழுங்கு, விழுங்கு என்றது வயிறு. அது கேட்பதை இவ்வளவு காலமும் அவள் மறுத்ததே இல்லை.

எல்ஸியைப் பார்த்தாள். எல்ஸி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், மல்லிகையும் பட்டுமாக, வருவது வரட்டும் என்று. காட்டிக் கொடுத்தவளையே காப்பாற்றிக்கொண்டு நிற்கிறாள் மகராசி. அதைப் பார்த்ததும் புனிதாவுக்குள் இன்னொரு எரிச்சல் கிளம்பியது, இதுவரை வந்த எல்லாவற்றையும்விடப் பெரிதாக. வீட்டை எடுத்துக்கொண்டாள், பென்சனை எடுத்துக்கொண்டாள், படத்தை எடுத்துக்கொண்டாள். இப்போது நல்லவள் என்ற பேரையும் இவளே தூக்கிக்கொண்டு போவாளா? போகிற போக்கில் என் தலையில் இன்னும் ஒரு சட்டையைப் போட்டுவிட்டு? முடியாது. அது மட்டும் முடியவே முடியாது.

"என் கார்டு, புவான்," என்றாள் புனிதா. "கம்பெனி கார்டு. என் வீட்டுக்காரருக்குக் காலை எடுத்தாங்க, நான் ஆஸ்பத்திரியில இருந்தேன். கார்டு அடிச்சது அவங்க. என் வேலையையும் சேர்த்து செஞ்சது அவங்க. நான் எதையும் பார்க்கல. பார்த்தேன்னு சொன்னது பொய்."

குரு பெசார் கோப்பை மூடி மேசை இழுப்பறையில் போட்டார். அந்தக் கம்பெனியே இப்போது இல்லை, இதில் தனக்கு எழுத ஒன்றும் இல்லை என்றார். எல்ஸியிடம், முகத்தைக் கழுவிக்கொண்டு டேவானுக்கு வாருங்கள் என்றார்.

வெளியே வராந்தாவில் சுகுமாரன் அட்டையைப் புரட்டிக்கொண்டு நின்றான். "என்ன ஆன்ட்டி இது… நான் என்ன செய்ய?"

"என் பேர அடிச்சிடுங்க தம்பி. ரூல்ஸ்தானே."

அவன் அடித்தான். ஒரே கோடு, சத்தம்கூட வரவில்லை. சட்டையைக் கழற்றி அவனிடம் நீட்டினாள். அவன் அதை விரித்துப் பார்த்தான். பக்கவாட்டில் பிடித்த தையலையும், ஒரு பக்கம் மட்டும் இறங்கிய தோளையும் பார்த்தான்.

"இது இனிமே வேற யாருக்கும் ஆகாது," என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான்.

விழா நடந்தது. கொம்பாங் அடித்தார்கள். பாட்டுப் பாடினார்கள். பிள்ளைகள் இரண்டு பக்கமும் நின்று கைப்பிடி கைப்பிடியாகப் பூப் போட, எல்ஸி சிவப்புக் கம்பளத்தின் மேல் நடந்து வந்தாள். கம்பளத்தின் கடைசியில், கார் கதவுக்குப் பக்கத்தில், விளக்குமாறும் கையுமாகப் புனிதா நின்றாள். சாம்பல் சட்டைக்கு இன்னும் இரண்டு நாள் பாக்கி இருந்தது.

எல்ஸி அவள் எதிரே வந்து நின்றாள். "சொல்லாம இருந்திருக்கலாமேடி," என்றாள் மெதுவாக. "நான் சமாளிச்சிருப்பேன்."

"உங்களுக்குச் சொல்லாம இருக்க வரும். எனக்கு வராது."

எல்ஸி புனிதாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். தலையில் பூ இதழ்கள், கழுத்தில் மாலை, பின்னால் முந்நூறு பேர். அவ்வளவும் இருந்தும் அந்தக் கண்ணில் என்னவோ ஓர் ஏக்கம், எரிச்சலோடு சேர்ந்த ஏக்கம். எங்கேயோ பார்த்த பார்வை என்று புனிதாவுக்குத் தோன்றியது. எங்கே என்பது பிடிபட ஒரு விநாடி ஆனது. தினமும் அந்தப் பள்ளிக்கூடத்துக் கண்ணாடிகளைத் துடைக்கும்போது அவள் முகத்தில் அவளே பார்த்த பார்வை அது.

"போங்கக்கா. கார் நிக்குது."

கார் போனது. கொம்பாங் ஓய்ந்தது. பிள்ளைகள் வகுப்புக்கு ஓடினார்கள். வெயிலில் பூவெல்லாம் கம்பளத்தோடு ஒட்டத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் கூட்ட வராது. புனிதா ஆரஞ்சுச் சட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தாள்.